எல்லா வீட்டிலும் ஒரு மேரி

வெர்லி மாளிகை, நார்ஃபோக்
9 பிப்ரவரி 1930, ஞாயிறு

என் செல்லத் தம்பி வில்ஃப்ரெட்டுக்கு,

இருமல் விட்டதா? லண்டன் புகையில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை. போன மாதம் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. இப்போது நாவலுக்கு விஷயம் வேண்டுமென்றதும் அக்கா ஞாபகம் வந்துவிட்டதாக்கும். போகட்டும், நீ கேட்டால் நான் எதைத்தான் மறுத்திருக்கிறேன்?

பணக்காரர்களை நார்நாராகக் கிழிக்கப் போகிறேன், மாளிகைக்குள் நடப்பதை எழுது என்கிறாய். பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நான் இங்கே வந்த அன்று சீமாட்டி என்னிடம் பேர் கேட்டாள். "ஆக்னஸ் லார்ட்டர், அம்மா" என்றேன். "அதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சுக்கறது? இங்க மூணாவது வேலைக்காரின்னா ரோஸ். நீ ரோஸ்" என்றாள். அப்புறம் இரண்டாவது இடத்துக்கு ஏறியபோது எலன் ஆனேன். ஆறு வருஷமாக முதல் இடத்தில் இருக்கிறேன், அதனால் மேரி. எனக்கு முந்தியவளும் மேரிதான், அவளுக்கு முந்தியவளும் மேரிதான். சீமாட்டியின் மூன்று நாய்களுக்கு மட்டும் அதது பிறந்தபோது வைத்த பெயரே நிலைத்திருக்கிறது. பிறந்தநாளும் கொண்டாடுகிறார்கள்.

நடையில் வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் நாங்கள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி நிற்க வேண்டும். எங்கள் மூஞ்சி அவர்கள் கண்ணில் படக்கூடாது. மேல்நடைச் சுவர்க் காகிதத்தில் எத்தனை கிளிகள் இருக்கின்றன என்று என்னைக் கேள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இன்னொன்று இருக்கிறது. இது உன் காதோடு போகட்டும், புத்தகத்தில் வரவே கூடாது. குளிர்காலக் காலையில் சீமாட்டி கழிப்பறைக்குப் போவதற்கு முன்னால் அந்த மரப்பலகையில் ரோஸ் கால்மணி நேரம் உட்கார்ந்து அதைச் சூடாக்கி வைக்க வேண்டும். பலகை சில்லென்று இருந்தால் சீமாட்டிக்கு நாள் முழுக்கத் தலைவலி. நானும் இரண்டு குளிர்காலம் அதில் உட்கார்ந்தவள்தான். இப்போதைய ரோஸ் டார்கஸ் என்பவள். முப்பத்தொரு வயது, நல்லவள், என் அறையில்தான் படுக்கிறாள். இந்தச் சங்கதி சீமாட்டிக்கும் ரோஸுக்கும் மேரிக்கும் மட்டுந்தான் தெரியும். வெளியே வந்தால் பழி நேராக டார்கஸ் தலையில் விழும். புரிந்ததா?

கடிதத்தை எரித்துவிடு. கம்பளிக் காலுறை பின்னி அனுப்புகிறேன்.

உன் அன்பு அக்கா,
ஆக்னஸ்


கேம்டன், லண்டன்
20 பிப்ரவரி 1930

என் அருமை அக்கா,

உன் கடிதத்தைச் சாப்பிடுவதற்கு முன்னால் படித்துத் தொலைத்தேன். சாப்பாடு இறங்கவில்லை. அவர்களோடு ஒரே காற்றைச் சுவாசிக்கிறோமே என்று அருவருப்பாக இருக்கிறது. நீ எப்படித்தான் பதினான்கு வருஷம் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாயோ!

இந்த நாட்டில் முந்நூறு வருஷமாக எழுத்தாளர்கள் பணக்காரனைப் பரிகாசம் பண்ணி வருகிறார்கள். நாடகத்தில் அவனுடைய பொய்முடியைப் பிடுங்கினார்கள், கவிதையில் அவன் விருந்தைக் கிண்டலடித்தார்கள், நாவலில் அவன் மகளை ஏலம் போட்டார்கள். பரிகாசம் ஒரு சவுக்கு அக்கா. துப்பாக்கிக்குப் பயப்படாதவன்கூட ஊர் சிரித்தால் பயப்படுவான். அந்தச் சவுக்கில் நீ எனக்குப் புது முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறாய். இதைப் படித்துவிட்டு அவர்கள் வெளியே தலைகாட்ட முடியாமல் செய்கிறேனா இல்லையா பார்!

பலகை விஷயத்தை எழுத மாட்டேன். அம்மா மேல் ஆணை. டார்கஸிடம் என் வணக்கத்தைச் சொல். வேண்டாம் வேண்டாம், சொல்லாதே, நான் ஏதோ குமாஸ்தா என்றே இருக்கட்டும். பதிப்பாளர் எனக்கு ஜூலியன் ஃபேர் என்று பெயர் வைத்திருக்கிறார். வில்ஃப்ரெட் லார்ட்டர் என்றால் காய்கறிக் கடைக்காரன் மாதிரி இருக்கிறதாம். பார்த்தாயா, நம் குடும்பத்தில் ஒருத்தருக்கும் சொந்தப் பெயர் தங்கவில்லை!

காலுறை சீக்கிரம் அனுப்பு.

உன் தம்பி,
வில்ஃப்ரெட்


வெர்லி மாளிகை
27 செப்டம்பர் 1931, ஞாயிறு

வில்ஃப்ரெட்டுக்கு,

உன் புத்தகம் இங்கே வந்துவிட்டது. லண்டனிலிருந்து ஆறு பிரதி வரவழைத்திருக்கிறார்கள். தலைப்பு 'நாய்க்கு வெள்ளித்தட்டு'. வெள்ளித்தட்டில் சாப்பிடுகிற நாய்களும் அங்கேயே படுத்திருந்தன.

தேநீருக்குப் பிறகு பிரபு உரக்க வாசித்தார். நான் கணப்புக்கு விறகு போட்டுக்கொண்டிருந்தேன். உன் சவுக்கடி விழ விழ அவர் முகம் சுருங்கும் என்று காத்திருந்தேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அப்படியே பக்கத்து எஸ்டேட் ஹார்ட்லிதான்! அந்தக் கஞ்சப்பய மூக்குகூட மாறலையே!" என்கிறார். புதன்கிழமை ஹார்ட்லி பிரபு வந்தார். "சாராய ஆலைக்காரன் ஒருத்தன் புதுசாப் பட்டம் வாங்கினானே, அவனைத்தானே போட்டுக் கிழிச்சிருக்கான்?" என்று அவர் சிரிக்கிறார். பெண்கள் அதற்கும் மேல். "எங்களைப் பத்தி நாலு பக்கமாவது வருது. உங்களைப் பத்தி வருதா?" என்று போட்டி போடுகிறார்கள். ஒருத்தருக்காவது ஒரு வாய்க் காப்பி கசக்கவில்லை, வில்ஃப்.

அப்புறம் ஏழாவது அத்தியாயம் வந்தது. பலகை. ஆணையிட்டாயே! அம்மா மேல் ஆணையிட்டாயே!

சீமாட்டிக்கு மட்டும் அது யார் என்று புரிந்தது. தன்னைக் கேலி பண்ணியது அவளை உறுத்தவே இல்லை. "புத்தகத்துல என்ன வேணா எழுதிட்டுப் போகட்டும். ரோஸுக்கு வாய் இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது வருஷம் வேலை செய்தவளை மறுநாள் காலையே தகரப் பெட்டியோடு வெளியே அனுப்பினார்கள். நற்சான்று கிடையாது. அந்த ஒரு தாள் இல்லாமல் வருகிறவளை வேறெந்த வீட்டிலும் பின்வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள் என்பது சமையற்காரி பெற்ற பிள்ளையான உனக்குத் தெரியாதா?

பெட்டிக்குக் கயிறு கட்டும்போது டார்கஸ் என்னிடம், "உன் தம்பி லண்டன்ல என்ன வேலைன்னு சொன்ன?" என்று கேட்டாள். "குமாஸ்தா" என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். மழையில் நான்கு மைல் நடந்தே ரயிலடிக்குப் போனாள். நான் வாயைத் திறக்கவில்லை. என் வேலை போய்விடுமே என்ற பயம். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உடனே சீமாட்டிக்கு எழுது. அது உன் கற்பனை, யாரும் சொல்லவில்லை என்று எழுது. டார்கஸுக்கு ஒரு நற்சான்று வேண்டும். வேறெதையும் நான் கேட்கவில்லை.

ஆக்னஸ்


கேம்டன், லண்டன்
2 நவம்பர் 1931

அக்கா,

கோபப்படு. திட்டு. நான் பட வேண்டியதுதான். அந்த அத்தியாயத்தை எடுத்துவிடத்தான் இருந்தேன். பதிப்பாளர் அதைப் படித்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது இல்லேன்னா புத்தகமே இல்லப்பா" என்றார். அந்த ஒரு நிமிஷம் நான் சறுக்கிவிட்டேன். இப்போது ஊர் முழுக்கப் பேசுவதும் அதைத்தான். பத்திரிகைகளில் வந்ததை நீ பார்க்க வேண்டுமே. சரி, அதை விடு.

நல்ல செய்தி ஒன்று. வெர்லி சீமாட்டி தன் கையாலேயே எழுதி டிசம்பர் 12, சனி ஞாயிறு தங்க என்னை அழைத்திருக்கிறாள்! கடிதத்தில் எழுதினால் குப்பைக் கூடைக்குப் போகும். நேரில், அவள் மேசையில் உட்கார்ந்து, அவள் கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். டார்கஸின் நற்சான்றைக் கையோடு வாங்கிக்கொண்டுதான் கிளம்புவேன்.

அங்கே என்னைப் பார்த்தால் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ளாதே. உன் வேலைக்காகத்தான் சொல்கிறேன்.

வில்ஃப்ரெட்


வெர்லி மாளிகை
6 டிசம்பர் 1931

தம்பி,

உனக்கு நீல அறை. நான்தான் படுக்கை போடுகிறேன். சனிக்கிழமை மாலை வேடிக்கை விருந்தாம். வருகிறவர்களெல்லாம் உன் புத்தகத்து ஆட்களைப்போல வேஷம் போட வேண்டும். சீமாட்டிகள் அத்தனை பேருக்கும் வேலைக்காரி வேஷம்தான் வேண்டுமாம். தையற்காரர் தைத்து அனுப்பிய ஏப்ரன்கள் நம்பும்படி இல்லையென்று எங்களுடையதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் துவைக்க எடுத்தேன். "துவைக்காத மேரி! அந்த வாடை இருந்தாத்தான் அசல்!" என்றாள் சீமாட்டி. என் அக்குள் வியர்வையை மோந்து பார்த்துச் சிரித்தாள்.

டார்கஸ் யார்மத் துறைமுகத்தில் தன் அக்காள் வீட்டில் இருக்கிறாள். மீன் கழுவப் போகிறாள். கையெல்லாம் உப்பு அறுத்துப் புண்ணாம். ஏழு வீட்டில் கேட்டுப் பார்த்துவிட்டாளாம், ஏழிலும் முதல் கேள்வி நற்சான்று எங்கே என்பதுதான். உனக்கு நல்ல வார்த்தை அமையட்டும்.

உன் கால் ராத்திரியில் ஐஸாகிவிடுமே என்று நினைத்துக்கொண்டேன். கவனித்துக்கொள்கிறேன்.

அக்கா


வெர்லி மாளிகை ஏரிக்கரைக் குடில் (ஆமாம் அக்கா, இங்கேதான்!)
29 டிசம்பர் 1931

என் பிரியமான அக்கா,

முதலில் மன்னிப்பு. டார்கஸ் விஷயத்தைப் பேச நேரம் அமையவில்லை. சனிக்கிழமை கூட்டம், ஞாயிறு காலை தேவாலயம், மதியம் நீண்ட விருந்து. சீமாட்டி நல்ல மனநிலையில் இருக்கும்போது ஒரு வேலைக்காரி பேச்சை எடுத்து அதைக் கெடுப்பானேன்? இவர்களை நெருங்கிப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. பிரபு என் புத்தகத்தை மனப்பாடமாகச் சொல்கிறார். இரண்டு வருஷம் இந்தக் குடிலிலேயே தங்கி அடுத்த நாவலை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். யோசித்துப் பார், உள்ளே இருந்து கடித்தால்தானே பல் ஆழமாக இறங்கும்?

மேல்நடையில் நடந்ததற்காக நீ வருத்தப்பட்டிருப்பாய். சத்தியமாக எனக்குத் தெரியாது. அத்தனை பேரும் ஏப்ரன் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

அப்புறம் அந்தச் செங்கல்! கணப்பில் சுட்டுப் பழைய ஃபிளானல் துணியில் சுற்றி என் கால்மாட்டில் வைத்திருந்தாயே. சின்ன வயதில் நீ வைப்பாயே அதேபோல. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் காலை மேசையில், மாளிகைப் படுக்கையில் செங்கல் முளைத்த கதையை நடித்துக் காட்டினேன். பிரபு முட்டையைக் கீழே போட்டுவிட்டார்!

இப்போது நாம் பக்கத்தில்தான் இருக்கிறோம், ஆனாலும் தபாலே நல்லது. நீ குடிலுக்கு வந்தால் பேச்சு வரும். புதிய நாவலுக்குச் சமையலறைச் சங்கதிகள் வேண்டும். நீ எழுதுவதுபோல யாராலும் எழுத முடியாது.

உன் செல்லத் தம்பி,
வில்ஃப்


10 ஜனவரி 1932

மதிப்பிற்குரிய திரு. ஜூலியன் ஃபேர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் நலமாக இருப்பீர்கள். கணப்பும் விறகும் உள்ள குடில்.

இப்படியே கடைசிவரை எழுதிவிட வேண்டுமென்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஐந்து வயதுவரை இடுப்பில் தூக்கிச் சுமந்தவனைத் தாங்கள் என்று எத்தனை வரி எழுதுவது? சரி, நீ என்றே எழுதுகிறேன். பாசம் என்று எடுத்துக்கொள்ளாதே, பழக்கதோஷம்.

அன்று மேல்நடையில் நான் வேஷம் போடவில்லை. கரிக்கூடையோடு வந்துகொண்டிருந்தேன். நீயும் சீமாட்டியும் சிரித்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டது, திரும்பி நின்றேன். எனக்குப் பின்னால் உன் செருப்புச் சத்தம் நின்றது. "அடேயப்பா! இவங்கதான் அசலாவே நிக்கறாங்க! யாருங்க இது?" என்று கேட்டாய். "அய்யோ, அது மேரிதான்!" என்றாள் அவள். நீ சிரித்தாய். நீ அறியாமல் கேட்டாய், அதை நான் மன்னித்துவிடுவேன். தெரிந்த பிறகும் அந்தச் சிரிப்பை நீ நிறுத்தவில்லை, முன்பைவிடச் சத்தமாகச் சிரித்தாய். என் மூக்குக்கு நேரே ஒரு கிளி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செங்கலையும் நீ விட்டுவைக்கவில்லை. அவர்களுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டாய்.

உன் கடிதம் வந்த மறுநாள் நானே சீமாட்டியிடம் போனேன். படுக்கையில் காலை உணவுத் தட்டோடு இருந்தாள். "அம்மா, ஜூலியன் ஃபேர் என் கூடப்பிறந்த தம்பி. பலகை விஷயத்தை அவனுக்கு எழுதினது நான்தான். ரோஸ் ஒரு வார்த்தை சொல்லல" என்றேன். கத்துவாள், மணியடித்து ஆளைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் கைதட்டினாள், வில்ஃப்! "மேரி! நீயா! நம்ம வீட்டுக்குள்ளயே இப்படி ஒருத்தியா! இவர்கிட்ட சொன்னா உருண்டு உருண்டு சிரிப்பாரே! சனிக்கிழமை விருந்துக்கு வந்து எல்லார் முன்னாடியும் சொல்லேன். அந்த ஏப்ரனோடயே வா" என்றாள். கையில் பாதி கடித்த ரொட்டி. உதட்டில் ஆரஞ்சுப் பாகு.

"ரோஸைத் திரும்பக் கூப்பிடணும் அம்மா. இல்லேன்னா ஒரு நற்சான்றாவது குடுக்கணும்" என்றேன்.

அவள் புருவம் ஏறியது. "ரோஸ் எங்க போனா? காலைலகூடக் கணப்பைப் பத்த வச்சிட்டுப் போனாளே" என்றாள்.

நடிக்கவில்லை. சத்தியமாக நடிக்கவில்லை. டார்கஸை விரட்டிய மறுநாள் வேறொருத்தி வந்தாள், அவளுக்கு ரோஸ் என்று பெயர் போட்டாயிற்று. அதனால் சீமாட்டியைப் பொறுத்தவரை ரோஸ் போகவே இல்லை. ஒன்பது வருஷம் தனக்காகப் பலகையில் உட்கார்ந்தவளுக்கு ஒரு முகம் இருந்தது என்பதே அவளுக்குத் தெரியாது. எங்களைச் சுவர்ப்பக்கம் திருப்பி நிறுத்தியவள் அவள்தானே, எப்படித் தெரியும்?

முந்நூறு வருஷச் சவுக்கு என்று எழுதினாயே. அவர்கள் முதுகு தேய்க்க வெந்நீர் கொண்டுபோகிறவள் நான். ஒரு தழும்புகூட இல்லை. நீங்கள் எழுத எழுத அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கச் சிரிக்க நன்றாகப் பசிக்கிறது. தழும்பு யார்மத்தில் மீன் கழுவுகிற கையில்தான் இருக்கிறது.

"அப்ப எனக்கு ஒரு நற்சான்று குடுங்க அம்மா. நான் கிளம்பறேன்" என்றேன். கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனாலும் பெரிய எழுத்தாளரின் அக்கா அல்லவா, தன் முத்திரைத் தாளிலேயே எழுதித் தந்தாள். வழக்கமாக இதையெல்லாம் தயார் பண்ணுவது மேற்பார்வைக்காரி, அன்று அவள் பக்கத்தில் இல்லை. 'மேரி எங்கள் வீட்டில் பல வருஷம் வேலை பார்த்தவள். யோக்கியமானவள், சுத்தமானவள், வாயடக்கம் உள்ளவள். எந்தக் குடும்பமும் தயங்காமல் சேர்த்துக்கொள்ளலாம்' என்று எழுதி, கீழே நீட்டிக் கையெழுத்துப் போட்டாள்.

கதவை மூடிய பிறகுதான் தாளைச் சரியாகப் பார்த்தேன். மேரி என்று மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. பதினாறு வருஷத்தில் என் முழுப் பெயரை அவள் கேட்டதே இல்லை, அன்றும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றே ரயிலேறி யார்மத் போனேன். டார்கஸ் கையில் தாளைக் கொடுத்தேன். என் தம்பி குமாஸ்தா என்று சொன்னது பொய் என்றேன். "அது எனக்கு அன்னிக்கே தெரியுமே" என்றாள். அப்புறம் தாளைப் படித்தாள். இரண்டாம் தடவை படித்தாள். "நான் மேரியா?" என்று கேட்டு, புண்பட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீ கேட்டிராதது. உனக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

டார்கஸ் இப்போது ஒரு நல்ல வீட்டில் முதல் வேலைக்காரி. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். நான் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருக்கிறேன். அங்கே நற்சான்று கேட்கவில்லை, பெயர் கேட்டார்கள். சொன்னேன், அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

உன் பேனா துடிக்கும், எனக்குத் தெரியாதா? உன் புத்தகத்தில் உள்ள எல்லாவற்றையும்விட இது நன்றாக இருக்கிறது என்று நினைப்பாய். எழுது. ஆணையெல்லாம் கேட்கவில்லை. இங்கிலாந்தில் எல்லாப் பெரிய வீட்டிலும் ஒரு மேரி இருக்கிறாள். நீ எழுதினால் ஒவ்வொரு சீமாட்டியும், அந்தத் தாளோடு வந்தவள் இவள்தானோ என்று, தன் வீட்டு மேரியைச் சுவர்ப்பக்கத்திலிருந்து திருப்பி, முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டியிருக்கும். உன் எழுத்தால் அந்த ஒன்று நடக்கட்டும்.

எனக்குப் பதில் எழுத வேண்டாம். முகவரி போடவில்லை.

இப்படிக்கு,
ஆக்னஸ் லார்ட்டர்